கேட்பதும் கேட்காததும்

கலுந்தர் மரைக்காயர் முப்பத்தோரு வருஷம் ராமநாதபுரத்தில் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவர். ஒரு சாட்சி காலையில் சொன்னதையும் மாலையில் சொன்னதையும் அருகருகே வைத்து ஓட்டை கண்டுபிடிப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. ஓய்வுபெற்றுக் கடலோரத்துச் சொந்த ஊருக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை.

ஊர்ப் பள்ளிவாசலை ஒட்டிய அறையில், மாலை அஸர் தொழுகை முடிந்ததும், மார்க்க ஆசிரியர் மொகுதூம் ஹஸ்ரத் குர்ஆனுக்கு விளக்கம் சொல்வார். கலுந்தரைவிடப் பதினைந்து வயது இளையவர்; அண்ணன் என்ற முறையில் அவரைக் 'காக்கா' என்றே அழைப்பார். ஏழெட்டுப் பேர் வந்து உட்காருவார்கள். மற்றவர்கள் தலையாட்டிக்கொண்டு கேட்பார்கள். கலுந்தர் மட்டும் துருவுவார்.

"ஒரு எடத்துல அல்லாஹ்கிட்ட ஒரு நாள்ங்கிறது ஆயிரம் வருஷம்னு வருது. இன்னொரு எடத்துல அம்பதாயிரம்னு வருது. எது சரி, ஹஸ்ரத்?"

ஹஸ்ரத் சிலவற்றுக்கு விளக்கம் சொல்வார். சிலவற்றுக்கு, "தெரியல காக்கா" என்பார். அந்தத் 'தெரியல'தான் கலுந்தரை அரித்தது. ஹஸ்ரத் ஒரு பச்சை நோட்டில் எதையோ எழுதி மேல்தட்டில் வைப்பதை அவர் பார்த்திருந்தார். வெளியே ஒன்று சொல்கிறார், உள்ளே ஒன்று எழுதி வைத்திருக்கிறார் என்று அவருக்குத் தோன்றியது.

ஒரு நாள் எல்லாரும் அடுத்த தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளுச் செய்யப் போயிருந்தபோது அந்த நோட்டை எடுத்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டார்.

வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு படித்தார். பெரும்பாலும் சொற்பொருள் குறிப்புகள். நடுவில் ஒரு பக்கத்தில் இரண்டு வசனங்கள் எதிரெதிராக இருந்தன. ஒன்று, மறுமை நாளில் யாரிடமும் அவரவர் பாவம் பற்றிக் கேட்கப்படாது என்றது. மற்றது, அவர்கள் எல்லாரையும் நிச்சயமாகக் கேட்போம் என்றது. அதற்குக் கீழே ஒரு வரிகூட இல்லை.

'ஆக, இவருக்கும் பதில் தெரியாது. மறைக்கிறார்' என்று கலுந்தர் நினைத்தார்.

மறுநாள் நோட்டைக் காணோம் என்று பேச்சு எழுந்தது. அறையைக் கூட்டிப் பெருக்குகிறவர் தையற்காரர் பீர் மீறான். எல்லார் கண்ணும் அவர் பக்கம் போனது.

"அவரு எடுக்கல" என்றார் ஹஸ்ரத். குரல் உயரவில்லை. "இத்தோட விட்டுருங்க."

கலுந்தர் ஹஸ்ரத்தின் முகத்தையே பார்த்தார். பீர் மீறான் எடுக்கவில்லை என்று இவ்வளவு உறுதியாகச் சொல்கிறாரே, அப்படியானால் எடுத்தது யார் என்று தெரியுமோ?

அன்றிலிருந்து அவர் ஹஸ்ரத்தின் ஒவ்வொரு அசைவையும் எடைபோட்டார். "சொகமா காக்கா?" என்று கேட்டால், ஏன் இன்றைக்கு இதைக் கேட்கிறார்? கேட்கவில்லை என்றால், ஏன் கேட்கவில்லை? தேநீர் தன் கைக்கு முதலில் வந்தது. அதுவும் உறுத்தியது. நோட்டைத் திருப்பி வைத்துவிடலாம் என்று இரண்டு முறை எடுத்துப் போனார். இரண்டு முறையும் யாரோ ஒருவர் தன்னையே பார்ப்பதாகத் தோன்றி, அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்தார். வீட்டில் வைக்கவும் பயந்து, அதைச் சட்டைக்குள்ளேயே வைத்துக்கொண்டு திரிந்தார். சோறு இறங்கவில்லை. "என்ன, காச்சலா?" என்று மனைவி நெற்றியைத் தொட்டபோது, இவளுக்கும் தெரிந்துவிட்டதோ என்று பார்த்தார்.

ஹஸ்ரத் சொல்லியும் ஊர் வாய் மூடவில்லை. ஐந்தாம் நாள் பீர் மீறான் வரவில்லை. அதன் பிறகு வரவேயில்லை.

பன்னிரண்டாம் நாள் பாடம் அந்த வசனத்துக்கு வந்து நின்றது. "அந்நாளில் மனிதரிடமோ ஜின்னிடமோ அவர்தம் பாவம் பற்றிக் கேட்கப்படாது" என்று ஹஸ்ரத் பொருள் சொன்னார்.

தனக்காகவே இதை எடுத்திருக்கிறார் என்று கலுந்தருக்குப் பட்டது. பொறுக்க முடியவில்லை.

"எல்லாரையும் கேப்போம்னு வேற சூராவுல ஆணையிட்டுச் சொல்லியிருக்கே! கேப்பேன்னு ஒரு பேச்சு, கேக்க மாட்டேன்னு ஒரு பேச்சு. எங்க கோர்ட்டுல ஒரு சாட்சி இப்படிச் சொன்னா கூண்டுலேருந்து எறக்கி விட்டுருவாங்க."

பக்கத்தில் இருந்தவர் "அஸ்தஃபிருல்லாஹ்" என்று பாவமன்னிப்புக் கேட்டுக் காதைப் பொத்தினார்.

"நல்ல கேள்விதான்" என்றார் ஹஸ்ரத். "மத்தவங்க ஒளுச் செய்யப் போங்க. மஃரிப் தொழுகைக்கு நேரமாகுது."

அறையில் இருவர் மட்டும் இருந்தார்கள்.

"காக்கா, நோட்டை ஏன் எடுத்தீங்க?"

எடுத்தீங்களா என்று கேட்பார் என்றுதான் கலுந்தர் பன்னிரண்டு நாளும் காத்திருந்தார். அதற்கு நான்கு பதில்கள் தயாராக வைத்திருந்தார். இது வேறு கேள்வி.

"உங்க மேல சந்தேகம்" என்றார் கலுந்தர். "எங்ககிட்ட எதையோ மறைக்கிறீங்கன்னு."

"ம்."

"நான்தான்னு எப்பத் தெரியும்?"

"அன்னிக்கே. அந்த நோட்டுல என்ன இருக்கும்னு தேடுற ஆளு இங்க நீங்க ஒருத்தர்தான்."

"அந்த ரெண்டு வசனத்துக்குக் கீழ ஏன் ஒண்ணும் எழுதல?"

"பெரியவங்க சொன்ன விளக்கமெல்லாம் படிச்சேன். எழுதுற அளவுக்கு என் மனசுல இன்னும் எறங்கல. எறங்காததை எழுதி நெரப்பக் கூடாதுன்னு விட்டுட்டேன்."

கலுந்தர் சட்டைக்குள்ளிருந்து நோட்டை எடுத்து வைத்தார். அதன் அட்டை வியர்வையில் ஊறி இளகிப்போயிருந்தது. ஹஸ்ரத் அதைத் தொடவில்லை.

"இப்பவே பீர் மீறான் வீட்டுக்குப் போறேன்" என்றார் கலுந்தர். "நாளைக்கு எல்லார் முன்னாலயும் சொல்லிடுறேன்."

"போங்க."

கலுந்தர் எழுந்து வாசல்வரை போனார். அங்கே நின்று திரும்பினார். முப்பத்தோரு வருஷப் பழக்கம் அவ்வளவு சீக்கிரம் விடுமா?

"நான் செஞ்சது தப்புதான் ஹஸ்ரத். ஆனா என் கேள்விக்குப் பதில் வரலையே. அன்னிக்குக் கேப்பாங்களா, கேக்க மாட்டாங்களா?"

ஹஸ்ரத் அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"பன்னெண்டு நாளா நான் உங்ககிட்ட ஒண்ணுமே கேக்கல. கேக்கப்படாமயா இருந்தீங்க, காக்கா?"