ராணிக்கு யார் பொட்டு வைத்தது?

மில் மேனேஜர் பரந்தாமனுக்குத் தோற்றால் ஆகாது. கிளார்க் அர்த்தநாரி ஞாயிறுதோறும் வீட்டில் நண்பர்களோடு ரம்மி ஆடுவான். அங்கே மேனேஜர் அழைக்காமலே வந்து, பீரோவைப் பார்த்த நாற்காலியைப் பிடித்து, காலை ஆட்டிக்கொண்டே ஜெயிப்பார். பீரோவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்த அர்த்தநாரி தோற்றுக்கொண்டே இருப்பான்.

"இன்னைக்காவது என்னை ஜெயிச்சுக் காட்டுய்யா. இல்லேன்னா தீபாவளி டூட்டி உனக்குத்தான்!"

அர்த்தநாரி சீட்டைக் கலைத்தான். அவன் மனைவி மரகதம் மேனேஜரின் கண் பீரோப் பக்கம் அலைவதைக் கவனித்தாள். நெற்றிப் பொட்டை எடுத்துப் பீரோக் கண்ணாடியில் ஒட்டிவிட்டு முகம் கழுவப் போனாள்.

ஆட்டம் தொடங்கியது. மேனேஜர் கண்ணைச் சுருக்கினார், நெளிந்தார், எட்டிப் பார்த்தார். காலாட்டம் நின்றது. திடீரென்று மேசையைத் தட்டினார்.

"மோசடி! சீட்டுல குறி வச்சிருக்கான்! இவன் கையில இருக்கிற ராணி நெத்தியில பொட்டு இருக்கு!"

அர்த்தநாரி சீட்டை விரித்துக் காட்டினான். ராணி இருந்தாள், பொட்டு இல்லை. நண்பர்கள் மெதுவாகப் பீரோக் கண்ணாடியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

மரகதம் ஈர முகத்தோடு வந்தாள். "பொட்டு என்னுதுங்க சார். ராணியை நீங்க எங்க பாத்தீங்க?"

அந்தத் தீபாவளிக்கு மில்லில் தனியாக உட்கார்ந்து காலாட்டியது யாரென்று கேட்கவே வேண்டாம்.