புள்ளியை நகர்த்தச் சொன்ன சர்வேயர்

"டீச்சர், வரைபடத்துல இந்தப் புள்ளி தப்பு. முந்நூறு மீட்டர் கிழக்கே நகர்த்தணும்."

தவமணி வந்ததும் வராததுமாக இதைத்தான் சொன்னார். ரிட்டயர்டு சர்வேயர். முப்பது வருஷம் அடுத்தவன் காட்டுக்கு எல்லைக்கல் நட்ட மனுஷன். தப்பு என்ற சொல் அவர் வாயில் முந்திக்கொண்டு வரும்.

டீச்சர் ஜீப் பானட்டின் மேல் லேப்டாப்பை வைத்துத் தட்டிக்கொண்டிருந்தார். பேர் பேச்சியம்மாள். சர்வேயருக்கு மகள் வயசு. பள்ளிக்கூட டீச்சர் இல்லை, மலைக்கு ஜீப் ஓட்டுகிறவர்.

இன்டர்நெட்டில் ஊர் உலகமே கூடி இலவசமாக வரைகிற வரைபடம் ஒன்று இருக்கிறதே, அதை இறக்குவார். மலையேறுகிறவனுக்கு எதற்கு பேங்க்கும் நகைக்கடையும்? அதையெல்லாம் மறைத்துவிடுவார். ஊற்று எங்கே, அட்டை கடிக்கிற இடம் எங்கே, நாலு சக்கரமும் இழுத்தால்தான் ஏறும் மேடு எங்கே என்று சேர்ப்பார். பிறகு ஜிபிஎஸ் கருவிகளில் ஏற்றிக் கொடுப்பார். அதைக் கற்றுக்கொள்ள வந்த டிரைவர்கள் வைத்த பேர்தான் டீச்சர். அவர்களோடு இரண்டு மாதமாக சர்வேயரும் வந்து உட்காருகிறார்.

"யார் வச்ச புள்ளி?"

"எங்க வீட்ல வச்சது."

டீச்சர் தட்டுவதை நிறுத்தினார். சர்வேயரின் மனைவி கஸ்தூரியம்மாள் போய்ச் சேர்ந்து ஒன்றரை வருஷம் ஆகிறது.

"மகன் வாங்கிக் குடுத்த கருவி, டீச்சர். சர்வேயருக்கு எதுக்குடா இதுன்னு அவ கையில குடுத்துட்டேன். ஞாயித்துக்கிழமை ஆனா ரெண்டு பேரும் மலை ஏறுவோம். பாதி மலையில அவளுக்கு முழங்கால் புடிச்சுக்கும். நீங்க போயிட்டு வாங்கன்னு உக்காந்துடுவா. நான் மட்டும் உச்சிக்குப் போயிட்டு வருவேன். அவ கட்டிக் கொண்டாற புளியோதரைக்கு அப்புறம் நான் புளியோதரையே சாப்பிடல."

கடைசி வாக்கியத்தை அவர் சொல்ல நினைக்கவில்லை. வந்துவிட்டது.

"புள்ளிக்குப் பேர் வச்சிருக்காங்களா?"

"இங்கிலீஷ் எழுத்துல அடிச்சிருக்கா. அந்தப் பழைய கருவி பத்து எழுத்துக்கு மேல வாங்காது. 'எங்க வீட்டு'ன்னு நின்னு போச்சு."

"மிச்சம்?"

"கூரைதான். எங்க வீட்டுக் கூரை. ஓட்டு வீடு, மேலருந்து பாத்தா செவப்பா தெரியும். ஆனா இவ புள்ளி வச்ச எடத்துல நின்னா ஓடும் தெரியல, ஒண்ணும் தெரியல. அத்திமரந்தான் நிக்குது. எட்டுத் தடவை போய்ப் பாத்துட்டேன். கிழக்கால மொட்டைப்பாறையில நின்னாத்தான் தெரியுது. மரத்தடியில கருவி தடுமாறியிருக்கு."

"மொட்டைப்பாறையில எப்படி ஏறுனீங்க?"

"தவழ்ந்துதான்."

"முழங்கால் வலிக்காரங்க தவழ்ந்தாங்களா?"

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ஆள் சர்வேயர். மறுபடி ஆரம்பித்தார்.

"வெள்ளிக்கிழமை உங்க புது வரைபடம் இந்தப் புள்ளியோட அறுபது பேர் கைக்குப் போகுது. அவ பேர் சொல்ல இந்த மலையில இருக்கறது அந்த ஒரு புள்ளிதான். அது தப்பான எடத்துல நிக்கக் கூடாது, டீச்சர். எனக்குத் தூக்கம் வர மாட்டேங்குது."

டீச்சர் கையை நீட்டினார். சர்வேயர் கருவியைக் கொடுத்தார். உள்ளே கஸ்தூரியம்மாள் நடந்த தடங்கள் அப்படியே இருந்தன. திரையில் கோடு ஏறியது, வளைந்தது, அத்திமரத்தடியில் நூல் சிக்கிக்கொண்ட மாதிரி சுற்றிச் சுற்றிக் கிடந்தது.

"இது என்ன சார்?"

"ஆள் ஒரே எடத்துல இருந்தா கருவி அப்படித்தான் கிறுக்கும். அதைச் சுத்தம் பண்ணிடணும்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க."

"எவ்வளவு நேரம் இருந்திருக்காங்க?"

சர்வேயர் கண்ணாடியை மாட்டிப் பார்த்தார். "ஒண்ணே முக்கால் மணி."

டீச்சர் அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமையைத் திறந்தார். அதே இடம், அதே கிறுக்கல். அதற்கும் முந்தினது. இப்படி நாற்பது ஞாயிறுகள்.

"தப்பு ஒரே எடத்துல நாப்பது தடவை நடக்காது, சார்."

"அப்ப வீடு ஏன் அங்கருந்து தெரியல?"

டீச்சர் லேப்டாப்பை மூடி ஜீப் சாவியை எடுத்தார்.

"ஏறுங்க."

ஜீப் போகிற மட்டும் போனார்கள். பிறகு நடந்தார்கள். அத்திமரத்தடியில் டீச்சர் ஒரு வேரைக் காட்டினார்.

"உக்காருங்க."

"நீங்க?"

"உச்சிக்குப் போயிட்டு வாரேன்."

"நான் எதுக்கு இங்ஙன?"

டீச்சர் அதற்குள் ஏறிப் போய்விட்டார்.

சர்வேயர் உட்கார்ந்தார். எட்டுத் தடவை வந்தவர்தான், ஒரு தடவையும் உட்கார்ந்ததில்லை. கிழக்கே பார்த்தார். இலை. குனிந்து பார்த்தார். இலை. இந்தப் பெண்ணுக்குக் கிறுக்கா என்று நினைத்தார். வாட்சைப் பார்த்தார்.

ஒரு மணி நேரம் ஆயிற்று. போன ஆளைக் காணோம். சறுக்கிக் கிறுக்கி விழுந்து தொலைத்தாளா என்று மனசு அடித்துக்கொண்டது. நிமிர்ந்து மேலே பார்த்தார்.

உச்சியில் எறும்பு மாதிரி ஏதோ அசைந்தது. நீலத் துப்பட்டா. டீச்சர்தான்.

முதல் வளைவில் இறங்குவது தெரிந்தது. இரண்டாம் வளைவு தெரிந்தது. சரளையில் கால் வழுக்கியதும், பக்கத்துப் புல்லைப் பிடித்து நின்றதும் தெரிந்தது. மறைக்க ஒரு மரம் இல்லை, பாறை இல்லை. உச்சியிலிருந்து அத்திமரம் வரைக்கும் பாதை முழுக்கக் கண்ணுக்குள் கிடந்தது.

ஞாயிறு தவறாமல் அவர் இறங்கிய பாதை. இறங்கும்போது ஒரு தடவையாவது நிமிர்ந்து இந்த மரத்தடியைப் பார்த்திருக்கிறாரா? காலைப் பார்ப்பார், வாட்சைப் பார்ப்பார். வந்து சேர்ந்ததும் "எந்திரி, நேரமாச்சு" என்பார். அவளும் சிரித்துக்கொண்டே எழுந்துவிடுவாள். என்னத்துக்குச் சிரிக்கிறாய் என்று கேட்டதில்லை. இன்றைக்குக் கேட்க ஆசையாக இருந்தது.

டீச்சர் வந்து சேர்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"புள்ளியை நகர்த்தணுமா, சார்?"

சர்வேயர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

"பேர்ல மட்டும் மூணு எழுத்து விட்டுப்போச்சு. சேத்துடுறீங்களா?"

டீச்சர் தன் புதுக் கருவியை எடுத்தார். "சொல்லுங்க."

"காரர்."