ஏணிக்காரன் ஆடிய கால்மணி நேரம்

கூடைப்பந்துக் கூடைக்கு ஆதியிலிருந்தே அடிப்பாகம் கிடையாது என்று நம்புவோர் பெரும்பிழையில் வாழ்கிறார்கள். அமெரிக்காவில் முதலில் தொங்கியது பழக்கூடை. விழுந்த பந்தை ஏணி வைத்துத்தான் எடுக்க வேண்டும். அப்படி ஓர் ஆட்டக்கூடத்தின் ஏணிக்காரன், குள்ளன் ஈபன், அணியில் சேரக் கனாக் கண்டுகொண்டிருந்தான்.

"கால்மணி நேரத்தில் உன்னைத் தாண்டி நான் இரண்டு கூடை போடாவிட்டால் உனக்கு அணியில் இடம்," என்று சிரித்தார் நெட்டைத் தலைவர் விட்லாக். அவரது முதல் வீச்சே கூடையில் விழுந்தது.

இருந்த ஒரே பந்து, கூட்டிலிட்ட முட்டைபோல் கூடையில் உறங்கியது. சன்னல் வெயிலில் தூசி மெல்ல மிதந்தது. தாமே ஏணியைத் தொடுவது தலைவரின் கௌரவத்துக்கு இழுக்கு.

"ஏணிக்காரன் எங்கேடா?"

"ஆடிக்கொண்டிருக்கிறான், ஐயா," என்றான் ஈபன்.

கால்மணி முடிந்ததென்று நடுவரின் விசில் ஒலித்தது.

மறுநாள் அந்தக் கூடத்துக்குப் புது ஏணிக்காரன் வந்தான்.