ஏழு வருஷம் ஜெயித்த சேவல்

மருதநாட்டு ராஜா கருணாகர பூபதிக்கு ரெண்டு பலவீனம். ஒன்று, தன் கையாலேயே நெல் ஊட்டி வளர்த்த செம்பவளம் என்கிற சேவல். இன்னொன்று, கோழிக்குழம்பு. இந்த ரெண்டும் ஒரே ஆளுக்கு வாய்த்தால் நாடு என்ன பாடுபடும், பாருங்கள்.

அறுவடை முடிந்ததும் அங்கே பெரிய உழவர் திருவிழா நடக்கும். பூசணிக்குப் பரிசு, காளைக்குப் பரிசு, கடைசி நாள் கோழிக்குப் பரிசு. கோழிப் போட்டிக்கு மட்டும் ஒரு விதி. வீட்டுக்கு ஒரு கோழி வந்தாகணும், தோற்றதெல்லாம் அரண்மனைச் சமையலறைக்குப் போயாகணும். நடுவர், சாட்சாத் ராஜாவேதான். ஏழு வருஷமும் ஜெயித்தது செம்பவளம்.

ராஜாவுக்குத் தலைகால் புரியவில்லை. போட்டியின் வரலாற்றைக் கல்லில் வெட்டணும், எழுதித் தாரும் என்று அரண்மனை விகடகவி வெண்காடரிடம் சொன்னார். வெண்காடர் ஒரே வரியில் எழுதி நீட்டினார்: 'ஏழு வருஷம் போட்டி நடந்தது, ஒரு நல்ல கோழியும் வரவில்லை.'

ராஜாவுக்கு மூக்குக்கு மேல் கோபம். "அப்படியானால் நீர் ஒன்றைக் கொண்டுவாரும். செம்பவளத்தைவிட இது மேல் என்று என் வாயாலேயே நான் சொல்லணும். சொல்லாவிட்டால் அன்றைக்கே மூட்டையைக் கட்டிக்கொண்டு நாட்டைவிட்டுக் கிளம்பிவிடும்."

சரி, ஆனால் போட்டியன்று நான் ஒன்று கேட்பேன், மறுக்கக்கூடாது என்றார் வெண்காடர். ஆள் தொலைந்தால் போதும் என்று ராஜாவும் சபையறிய வாக்குக் கொடுத்துவிட்டார்.

அந்த நாளும் வந்தது. வெண்காடர் அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்தது ஒரு நொண்டிப் பெட்டை. கழுத்தில் இறகே இல்லை. மைதானமே சிரித்தது. அவர் மனைவியோ வீட்டில் பாத்திரங்களை மூட்டை கட்டியே வைத்துவிட்டாள்.

வெண்காடர் கைகூப்பினார். "அரசே, தோற்றதையே தின்று உங்கள் நாக்கு செத்துப்போயிருக்கும். இந்த வருஷம் ஜெயித்தது குழம்புக்குப் போகட்டும். தோற்றதெல்லாம் வீட்டுக்குப் போகட்டும். நான் கேட்பது இதுதான்."

ராஜா குனிந்து பார்த்தார். செம்பவளம் அவர் மடியில் உட்கார்ந்து மோதிரத்தைக் கொத்திக்கொண்டிருந்தது. கொடுத்த வாக்கை மீறவும் முடியாது. மெல்ல ஆரம்பித்தார். செம்பவளத்துக்கு வயசாகிவிட்டதாம். ஒரு கண் மங்கலாம். கூவுகிற நேரம்கூடத் தப்பிப்போகிறதாம். அந்த நொண்டிப் பெட்டையின் நடையில்தான் என்ன ஒய்யாரமாம். "சந்தேகமே வேண்டாம், அதுதான் மேல்" என்று தன் வாயாலேயே முடித்தார்.

சொன்ன பிறகுதான் உறைத்தது. "ஆசையாய் வளர்த்த சேவலைக் காப்பாற்ற என்னைப் பொய் சொல்ல வைத்துவிட்டீரே, வெண்காடரே" என்றார் பரிதாபமாக.

"நீங்கள் இன்றைக்கு ஒரு நாள் செய்தீர்கள், அரசே. உங்கள் ஜனங்கள் இதைத்தான் ஏழு வருஷமாகச் செய்கிறார்கள். நல்லதைக் கொல்லையில் ஒளித்துவிட்டு, நோஞ்சானைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள்."

ராஜா திருதிருவென்று விழித்தார். அப்புறம் வயிறு குலுங்கச் சிரித்தார். குழம்பு விதியை அங்கேயே ஒழித்தார். வெண்காடருக்குப் பட்டுச் சால்வை, நொண்டிப் பெட்டைக்குத் தின்ன ஒரு மரக்கால் கம்பு தானியம். அன்றைக்கு அரண்மனையில் பூசணிக்காய்க் குழம்பு.

அடுத்த வருஷம் ஊரிலுள்ள நல்ல கோழியெல்லாம் கொல்லையைவிட்டு வெளியே வந்தன. செம்பவளத்துக்கு நாற்பத்தோராவது இடம். கல்லில் அதைத்தான் வெட்டினார்கள்.