பாடுகிற பெட்டியும் ஒரு தட்டு இடியாப்பமும்

சிரிப்பு வரும், கட்டாயம் வரும். ஆனால் இப்போதே கேட்டால் கிடைக்காது. முதலில் ஒரு பாட்டு தடுக்கி விழ வேண்டும். அப்புறம் ஒருத்தி சாப்பிட்டாக வேண்டும்.

பாளையங்கோட்டையில் எபனேசர் என்று ஒரு மாட்டு டாக்டர். எந்தப் பசுவும் அவர் சொன்னால் கேட்கும். அவர் காலேஜ் நாளில் வாங்கிய கம்ப்யூட்டர் மட்டும் கேட்காது. பச்சை எழுத்துத் திரை, தகர டப்பா மாதிரி கத்துகிற ஸ்பீக்கர். தம் கல்யாணத்தில் பாண்டு வாத்தியக்காரர்கள் வாசித்த மெட்டை அந்தப் பெட்டி பாடும் என்று, இருபத்தைந்தாவது கல்யாண நாளுக்காக மனைவி பியூலாவிடம் வாக்குக் கொடுத்திருந்தார்.

அந்த நாள் இன்றுதான். சாயங்காலம் விருந்து.

"ஏங்க, பெட்டி பாடுமா பாடாதா?" அடுப்படியிலிருந்து பியூலாவின் குரல். "சொந்தக்காரங்க முன்னாடி மானத்த வாங்குச்சுன்னா, நாளைக்கே பழைய இரும்புக்காரன்கிட்ட போட்டுருவேன். பாத்துக்கிடுங்க."

டாக்டர் பதறிப்போய்த் தம் குருவுக்குப் போன் போட்டார்.

குருவின் பெயர் மைமூன். பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருடம். அவள் கை வைத்தால் செத்த இயந்திரமும் பேசும். யார் குரலில் வேண்டுமானாலும் அவளும் பேசுவாள். வயதில் மகள் மாதிரி. ஆனாலும் டாக்டர் "குருவே" என்றுதான் கூப்பிடுவார்.

"பாட விடுங்க, கேப்போம்" என்றாள், வந்ததும் பெட்டி முன்னால் உட்கார்ந்த மைமூன்.

பெட்டி பாடியது. முதல் அடி கச்சிதம். இரண்டாவது அடியில் 'டட்டடா' என்பது 'டட்... ட... டா' ஆனது. மூன்றாவதில் மெட்டு, காலொடிந்த கன்று மாதிரி உட்கார்ந்தேவிட்டது. ஒவ்வொரு சுரமும் ஒலித்தவுடன் அதன் நேரம் திரையில் ஒரு வரியாக விழுந்தது. திரை நிறைந்ததும், புது வரிக்கு இடம் விட, மற்ற வரிகளெல்லாம் முண்டியடித்து மேலே ஏறின.

"இந்த நேரமெல்லாம் எதுக்கு அங்கிள்?"

"தப்பு எங்கன்னு பிடிக்கத்தான் குருவே! பாட்டு பிந்துதுன்னதும் இன்னும் துல்லியமா எழுத வச்சேன். இப்ப பிளாப்பி டிஸ்க்குலயும் எழுதுது. துல்லியம் கூடக்கூட, பிந்துறதும் கூடுது. என் நேரத்த யாரு திங்கிறா? கடிகாரச் சிப்பு கெட்டுப்போச்சோ? வெயிலோ?"

மைமூன் வெகுநேரம் யோசிப்பதுபோலக் கண்ணை மூடினாள்.

"பசிக்குது அங்கிள்" என்றாள்.

விருந்துக்குச் செய்த இடியாப்பமும் சொதியும் வந்தன.

"நான் இதச் சாப்பிட எவ்வளவு நேரம் ஆகுதுன்னு துல்லியமா அளங்க. ஒவ்வொரு வாய்க்கும் 'முடிஞ்சுதா'ன்னு கேளுங்க. ஒழுங்கா பதில் சொல்லுதேன்."

டாக்டர் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "முடிஞ்சுதா?"

மைமூன் எழுந்தாள். கை கழுவினாள். துடைத்தாள். ரயில் நிலைய அறிவிப்புக் குரலில், "பயணிகளின் கனிவான கவனத்திற்கு! இடியாப்பத்தின் முதல் வாய் வந்து சேர்ந்தது. சொதி சற்றுத் தாமதமாக வரும்" என்றாள். மறுபடி உட்கார்ந்தாள்.

"முடிஞ்சுதா?"

எழுந்தாள், கழுவினாள், துடைத்தாள். "ஏங்க, ரெண்டாவது வாய் உள்ள போயிட்டு. பாத்துக்கிடுங்க!"

"யாருடி அது, என் குரல்ல?" என்றது அடுப்படி.

அடுத்த பதில் மாட்டின் குரலில் வந்தது. டாக்டர் தன்னையறியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

வாசலில் நாற்காலி போடும் சத்தம் கேட்டது. டாக்டருக்கு வியர்த்தது.

"குருவே, சொதி ஆறிப்போச்சு. ஆளுங்க வந்துருவாங்க. இன்னும் பாதித் தட்டு அப்படியே இருக்கே!"

"நான் வேகமாத்தான் திங்கேன் அங்கிள்." முகத்தில் பால் வடிந்தது. "நீங்க அளக்கிறது பத்தலையோ என்னமோ? இன்னும் அடிக்கடி கேட்டுப் பாருங்களேன்."

பாவம், கேட்டார். ஒரு வாய்க்கு இரண்டு தடவை கேட்டார். வாய்க்குப் பக்கத்தில் போன இடியாப்பம் தட்டுக்கே திரும்பியது. குழாய் திறந்தது, மூடியது, திறந்தது.

"ஏ தாயே!" கடைசியில் டாக்டர் கத்திவிட்டார். "வாய்க்கு ரெண்டு தடவை எந்திரிச்சுக் கை கழுவுனா எப்படிம்மா முடியும்? நான் கேக்காம இருந்திருந்தா நீ எப்பவோ தின்னு முடி..."

திறந்த வாய் திறந்தபடி நின்றது. மெதுவாகத் தலை மட்டும் பச்சைத் திரைப் பக்கம் திரும்பியது.

அடுத்த கணம், எழுத்துப் பலகைமேல் விழாத குறையாகப் போய் உட்கார்ந்தார். பாட்டுப் புரோகிராமில் நேரம் எழுதச் சொல்கிற வரிகளைத் தேடித் தேடி அழித்தார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பார்த்தால், சிரிப்பு.

"என்னங்க," கரண்டியோடு எட்டிப் பார்த்தார் பியூலா, "முடிஞ்சுதா?"

வாய் நிறைய இடியாப்பத்தோடு மைமூன் கையை உயர்த்தினாள்.

"கேக்காதீங்க ஆன்ட்டி. முடிஞ்சுரும்."