ஐஸ் பெட்டிக்கு ஒரு ஆப்

குருவுக்கு முப்பத்து நாலு வயது. சீடருக்கு ஐம்பத்திரண்டு. சிரிக்காதீர்கள், இந்தக் கதையில் அப்படித்தான் அமைந்துவிட்டது.

குருவின் பெயர் ஜெயக்கொடி. அருப்புக்கோட்டையில் ஒரு ஹார்டுவேர் கடையின் மாடியில் இரண்டு அறை, இரண்டு கம்ப்யூட்டர். மாவுக்கடைக்காரர், தண்ணீர் கேன் போடுகிறவர், தையல்காரர் என்று யார் வந்தாலும் அவரவர் தொழிலுக்குத் தோதாக ஓர் ஆப் செய்து கொடுப்பார்.

சீடர் தியாகசுந்தரம். இருபத்தாறு வருஷம் பெங்களூரில் பெரிய கம்பெனியில் இருந்தவர். கம்பெனி ஆட்களைக் குறைத்தபோது இவரையும் குறைத்துவிட்டது. ஊருக்கு வந்து ஜெயக்கொடியிடம் சேர்ந்தார். ஆப் செய்யத் தெரியாதவர் இல்லை. குறைந்த விலைக்குச் செய்யத்தான் தெரியவில்லை.

சேர்ந்த அன்றே கேட்டார்.

"எங்க கம்பெனியில ஆறு மாசம் இழுக்கிற வேலையை நீங்க மூணு வாரத்துல, ஒரு பழைய பைக் விலைக்கு முடிச்சுடுறீங்க. எதைம்மா குறைக்கிறீங்க?"

"பாத்துக்கிட்டே இருங்கண்ணே" என்றார் ஜெயக்கொடி.

மூன்றாம் மாதம் கனகவேல் வந்தார். பந்தல், நாற்காலி, பாத்திரம் வாடகைக்கு விடுகிறவர். இறந்தவர் உடலை வீட்டில் வைத்திருக்கும் ஐஸ் பெட்டியும் இரண்டு வைத்திருந்தார். எந்தப் பொருள் எந்தத் தெருவில் இருக்கிறது, எப்போது திரும்பி வரும் என்று போனிலேயே தெரிய வேண்டும் என்றார். இதை நீங்களே தனியாகச் செய்யுங்கள் என்று சீடரிடம் கொடுத்தார் ஜெயக்கொடி. முதலில் கடையில் போய் இரண்டு நாள் உட்கார்ந்து பார்க்கவும் சொன்னார்.

சீடர் நோட்டும் பேனாவுமாகப் போய் உட்கார்ந்தார். கல்யாணத்துக்குக் கேட்டு வருகிறவர்களைக் கனகவேல் வாய் நிறைய வாங்க வாங்க என்றார். பெட்டி கேட்டு வருகிறவர்களுக்கு எழுந்து நின்றார். தெருவையும் வீட்டு நம்பரையும் கேட்டார். வாங்க என்று சொல்லவில்லை, நன்றி என்றும் சொல்லவில்லை. சீடர் இதை நோட்டில் குறை என்ற தலைப்பின் கீழ் எழுதிக்கொண்டார். மனிதர் நல்லவர்தான், வாடிக்கையாளரிடம் பேசத்தான் தெரியவில்லை என்று பரிதாபப்படவும் செய்தார்.

ஆப் தயாரானது. ஜெயக்கொடி எல்லாவற்றையும் தட்டிப் பார்த்துச் சரி என்றார். அதற்குப் பிறகுதான் சீடருக்கு அந்த ஆசை வந்தது. எந்தப் பொருள் திரும்பி வந்தாலும், கனகவேல் 'வந்தாச்சு' என்ற பட்டனை அழுத்தினால், வாங்கியவருக்குத் தானாக ஒரு மெசேஜ் போகும்படி சேர்த்தார். யாரும் கேட்கவில்லை, இவரும் யாரிடமும் சொல்லவில்லை. காசும் வாங்கவில்லை. பெரிய கம்பெனி ஆப்பில் எல்லாம் இருக்கிறதே, இந்த ஏழைக் கடைக்கும் இருக்கட்டுமே என்று தாராள மனசு.

பத்து நாள் கல்யாணமும் காதுகுத்துமாகப் போனது. பதினோராம் நாள், வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் சங்கிலியின் அம்மா இறந்துபோனார். ஐஸ் பெட்டியும் பந்தல், நாற்காலியும் போயின. மறுநாள் காலை உடலை எடுத்தார்கள். பெட்டி கடைக்குத் திரும்பியதும் கனகவேல் பட்டனை அழுத்தினார்.

மெசேஜ் போனது. 'உங்கள் இல்ல விழா இனிதே நிறைவேறியதில் மகிழ்ச்சி. எங்கள் சேவை பிடித்ததா? மீண்டும் அழையுங்கள், காத்திருக்கிறோம்.' கீழே ஒரு பூங்கொத்துப் படம்.

ஒரு மணிக்குக் கடை வாசலில் நாலு பேர் நின்றார்கள். முன்னால் சங்கிலியின் சித்தப்பா. தகவல் கேட்டு ஜெயக்கொடியும் சீடரும் ஓடிப் போனபோது அவர் சத்தமே போடாமல் பேசிக்கொண்டிருந்தார். சத்தம் போட்டிருந்தால் தேவலை என்று இருந்தது.

"மறுபடி கூப்பிடச் சொல்றியே, கனகவேலு. எங்க வீட்டுல அடுத்து யாருக்காகக் காத்திருக்க?"

பதினாறாம் நாளுக்குச் சொல்லியிருந்த பந்தல் வேண்டாம் என்றார் சித்தப்பா. எங்கள் தெருவில் இனி எந்த வீட்டு நல்லது கெட்டதுக்கும் உன் கடைப் பொருள் நுழையாது என்றும் சொல்லிவிட்டுப் போனார். அந்த ஊரில் ஒரு தெரு சொன்னால் நாலு தெரு கேட்கும். கடையை இழுத்து மூட வேண்டியதுதான்.

கனகவேல் சீடரைத் திட்டவில்லை. ஜெயக்கொடியைப் பார்த்துத்தான் சொன்னார்.

"பத்தொன்பது வருஷமா பெட்டிக்கு வந்த ஒருத்தரைக்கூட நான் வாங்கன்னு சொன்னதில்லம்மா."

சீடருக்கு முகம் செத்துப் போனது. மாடிக்கு ஓடி லேப்டாப்பைத் திறந்தார். நாலே நிமிஷத்தில் மெசேஜை எடுத்துவிட்டார். அப்புறம் சங்கிலிக்கு அனுப்ப ஒரு மன்னிப்புக் கடிதம் எழுத உட்கார்ந்தார். எழுதினார், அழித்தார். ஆழ்ந்த வருத்தம் என்று போட்டார். தொழில்நுட்பக் கோளாறு என்று போட்டார். மூன்றாவது தடவை எழுதும்போது ஜெயக்கொடி வந்து லேப்டாப்பை மூடினார்.

"இன்னொரு மெசேஜா அனுப்பப் போறீங்க? எந்திரிங்க. அந்த வீட்டுக்குப் போறோம்."

"அங்க போய் நான் என்ன சொல்றது?"

"அவங்க கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க."

அடித்தாலும் அடிப்பார்கள் என்று வழி நெடுகச் சீடர் நினைத்துக்கொண்டே போனார். ஜெயக்கொடி முன்னால் நடந்தார்.

வாசலில் கனகவேலின் பந்தல் இன்னும் பிரிக்காமல் இருந்தது. ஜெயக்கொடி உள்ளே பெண்கள் பக்கம் போய்விட்டார். சீடர் தனியாக, ஆண்கள் நடுவே, கனகவேல் கடை நாற்காலி ஒன்றில் உட்கார்ந்தார். சித்தப்பா அவரைப் பார்த்தபடியே இருந்தார். கடையில் நின்ற ஆள் இவன்தானே என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்வது காதில் விழுந்தது.

சங்கிலி வந்தார். அன்று காலைதான் மொட்டை அடித்த தலை. ஈரத்துண்டைத் தோளில் போட்டிருந்தார்.

"நீங்க யாரு?"

"அந்த மெசேஜை எழுதுனது நான். கனகவேலுக்கு அது தெரியாது."

சித்தப்பா நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தார். சங்கிலி அவரைக் கை காட்டி உட்கார வைத்தார். மடியிலிருந்து ஒரு பழைய போனை எடுத்தார்.

"இது எங்க அம்மா போன். அவசரத்துல பெட்டிக்கு இந்த நம்பரைத்தான் கொடுத்திருந்தேன். சுடுகாட்டுல இருந்து வர்ற வழியில மணி அடிச்சுது. அம்மாவுக்கு யாரோ என்னமோ அனுப்பியிருக்காங்கன்னு எடுத்துப் பாத்தேன்."

போனைக் கையில் பிடித்தபடி சங்கிலி எதிர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

சீடர் மனசுக்குள் எழுதி வைத்திருந்ததெல்லாம் தொண்டை வரை வந்தது. கேள்வி எதுவும் கேட்கவில்லையே என்று அடக்கிக்கொண்டார். அழுகை வந்தது, அதை அடக்க முடியவில்லை. அரை மணி நேரம் இரண்டு பேரும் எதிரெதிரே அப்படியே இருந்தார்கள். உள்ளேயிருந்து ஜெயக்கொடி வெளியே வந்து தெருவில் இறங்கினார். கிளம்ப வேண்டும் என்று தெரிந்தது.

சீடர் எழுந்தார். கை தானாகக் குவிந்தது. ஐம்பது வருஷப் பழக்கம், எந்த வீட்டிலிருந்து கிளம்பினாலும் சொல்கிற 'போயிட்டு வர்றேன்' நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. வாய் திறந்தும் விட்டது. சங்கிலி நிமிர்ந்து பார்த்தார். சித்தப்பாவும் பார்த்தார்.

சீடர் வாயை மூடினார். கையைக் கீழே விட்டார். திரும்பிப் பார்க்காமல் தெருவில் இறங்கி நடந்தார்.

மூன்று நாள் கனகவேல் கடைக்கு யாரும் வரவில்லை. நாலாம் நாள் சங்கிலி போன் செய்தார். பதினாறாம் நாளுக்கு முதலில் சொன்ன மாதிரியே பந்தல் போட்டுவிடுங்கள் என்றார். சித்தப்பாவும் சரி என்றுவிட்டாராம். கனகவேல் இதைச் சொல்ல மாடியேறி வந்தபோது அவருக்கு மூச்சு வாங்கியது, கண்ணும் கலங்கியிருந்தது.

அவர் போனபின் சீடர் லேப்டாப்பைத் திறந்தார்.

"கல்யாணத்துக்குப் போற மெசேஜ் இருக்கட்டும்னு கனகவேல் சொல்லிட்டாரும்மா. பெட்டி திரும்பி வந்தா என்ன போகணும்? அந்த இடத்தை வெறுமனே விட்டு வச்சிருக்கேன். என்ன எழுதட்டும்?"

"அன்னிக்கு அந்த வீட்டை விட்டுக் கிளம்பும்போது சங்கிலிகிட்ட என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லலையே."

"அதையே போடுங்கண்ணே" என்றார் ஜெயக்கொடி.