ரப்பர் விரல்

வேந்தர் தில்லைநாயகத்தின் தனியார் பல்கலைக்கழகத்துக்குத் துணைவேந்தராக வர ஆளா இல்லை? வந்தவர்கள் எல்லாரும் கேள்வி கேட்டார்கள். அதனால் ஒருவரையும் அவர் எடுக்கவில்லை. பழைய துணைவேந்தர் கலியபெருமாள் ஆடியில் இறந்துபோனதையும் வெளியே விடவில்லை. அவர் கைரேகையை வார்த்தெடுத்த ரப்பர் விரல் ஒன்று இருந்தது. தினமும் காலையில் அதை வருகைப்பதிவு மெஷினில் அழுத்துவது அட்டெண்டர் செங்கமலத்தின் வேலை.

ஒருநாள் ஆய்வுக் குழு வாசலில் வந்து நின்றது.

"எவனுக்காவது கோட்டு மாட்டி அந்த நாற்காலியில உட்கார வை. கேள்வி கேக்கக் கூடாது, லீவு கேக்கக் கூடாது. இல்லேன்னா நாளையிலேருந்து நீ வராதே!" என்று சீறினார் வேந்தர்.

"அப்படி ஒருத்தர் இருக்கார் ஐயா, உட்கார வச்சுடறேன்," என்றாள் செங்கமலம்.

குழு உள்ளே வந்தபோது நாற்காலியில் கலியபெருமாளின் மாலை போட்ட படம் இருந்தது. முன்னால் எரிந்த விளக்கின் சுடர் காற்றே இல்லாமல் ஆடியது.

"இவர்தான் சார் துணைவேந்தர். ஆடியில செத்தார். அதுக்கப்புறமும் ஒருநாள்கூட லீவு போடல," என்றாள் செங்கமலம்.

"பொய்!" வேந்தர் பதறினார். "செத்தவன் எப்படி வருவான்? தினமும் விரலை அழுத்தறது இவதான்!"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

செங்கமலம் ரப்பர் விரலை மேஜைமேல் வைத்தாள். "இன்னிக்கு நான் அழுத்தலையே ஐயா."

ஆளில்லாத தாழ்வாரத்தில் மெஷின் கீச்சிட்டது.

"கலியபெருமாள். வருகை பதிவாகிவிட்டது. நன்றி."